நான் பிடுங்கிய பிளக்

போன வாரம் மதுரையில் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்... ஏற்கெனவே எழுதிக் கெடுத்தது போதும்.

சில மாதங்களுக்கு முன் இதே அலுவலகத்தைப் பற்றி இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். பட்டா விஷயமாகப் போனபோது ஜன்னல் வழியாக ஒரு ஒயர் வெளியே வந்து, வாசலில் நின்ற எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் முடிந்தது. விடுவேனா? 'ஃபேனுக்குக் கீழே ஊழியர் தூங்குகிறார், ஜன்னலுக்கு வெளியே அவர் வண்டி கரண்ட் குடிக்கிறது – இரண்டும் நம் வரிப்பணத்தில்' என்று ஒரு போடு போட்டேன். எத்தனை போன்கள்! திருநகரில் வாக்கிங் போகிறவர்கள் நிறுத்திக் கை கொடுத்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போனது.

இந்த முறை அதிகாரி எழுந்து வந்து வரவேற்றார்.

"சார், நீங்க எழுதுன மறுநாளே மூடிட்டோம்ல! வாங்க, வந்து பாருங்க."

ஜன்னலோரம் கூட்டிப் போய்க் காட்டினார். பிளக் பாயின்ட் இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு, மூலைக்கு மூலை ஸ்க்ரூ. பெருமை தாங்கவில்லை. டீ வேறு வந்தது.

அப்போது ஒரு பெண் ஊழியர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். பெயர் முத்துச்செல்வி. என் ஃபைல் அவரிடம்தான் இருந்ததாம்.

"தெனமும் லேட்டாம்மா? சார் எம்புட்டு நேரமா உக்காந்திருக்காரு!" என்று அதிகாரி என் எதிரிலேயே கடிந்துகொண்டார்.

"திருமங்கலத்துல பஸ் கெடைக்கலைங்கய்யா."

அவருடைய மேஜைக்குப் போனதும் சும்மாதான் கேட்டேன் – எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று.

"பேரையூர் சார். முன்னாடி வண்டில வந்துருவேன். ஒரு சார்ஜுல இங்க வந்து சேந்துரும், திரும்பப் போகத்தான் பத்தாது. தனி மீட்டர் வைங்க, கரண்டுக்கு நாங்களே கட்டிர்றோம்னு வண்டி வச்சிருக்கவுகள்லாம் கேட்டோம். ஐயாவும் சரின்னாரு. மீட்டர் வார வரைக்கும் ஜன்னல்ல போட்டுக்கன்னாரு. பேப்பர்ல வந்ததும் பயந்துட்டாரு. மீட்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம்னுட்டாரு."

"இப்ப?"

"ரெண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போக எட்டு தாண்டிருது. பாப்பா பக்கத்து வீட்டுலயே சாப்பிட்டு அங்கனயே தூங்கிருது. தூக்கிட்டு வாரேன்."

அன்றைக்கு ஒயரைப் பார்த்தேன். வண்டி யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? தூங்கியவர் வேறு யாரோ. இரண்டையும் முடிச்சுப் போட்டது நான்தான்... வாக்கியம் நன்றாக வந்து விழுந்தது என்பதற்காக! எழுத ஆரம்பித்து இத்தனை வருடத்தில் இப்படி வெட்கப்பட்டதில்லை. அரசு ஊழியர் என்றால் விசாரிக்காமலே திட்டலாம், கைதட்டல் நிச்சயம் – இந்தச் சுகம் நம் எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது இல்லையா?

திரும்பிப் போய் அதிகாரியிடம் கெஞ்சினேன். "அந்த மீட்டரை வெச்சுக் கொடுத்துருங்க சார். அவங்கதான் காசு கட்டுறேங்கிறாங்களே."

அவர் சிரித்தார். "எதுக்கு சார் வம்பு? நீங்க இல்லாட்டி இன்னொருத்தர் எழுதுவாரு. எனக்கு ரிட்டையர்மென்ட் நெருங்குது."

அவரும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐயா, நான் எழுதியது தப்பு. மீட்டரை வையுங்கள், தகட்டைக் கழற்றுங்கள். யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது முத்துச்செல்வியிடம், "அதை எழுதினது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும் சார். மேல உங்க ஃபோட்டோ போடுறாங்கள்ல" என்றார், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல். "இப்பல்லாம் ஒரு வாரம் விடாம படிச்சிர்றேன். பஸ்ல அம்புட்டு நேரம் கெடைக்குது."