இடது பின்சீட்டில் இருபத்தெட்டு கிலோ

ஒரு பழைய காரின் பரிசோதனைச் சான்றிதழ்களை வருட வரிசையில் அடுக்கி என்னிடம் கொடுங்கள். அந்த வண்டி இன்னும் எத்தனை வருடம் ஓடும், எந்த மேட்டில் முனகும், அதை ஓட்டியவர் காலையில் யாரோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்புவார் என்பதுவரை சொல்லிவிடுவேன். மனிதர்கள் பொய் சொல்வார்கள். பெயிண்ட் பொய் சொல்லும். சான்றிதழ் சொல்லாது. இந்தக் கலையில் எனக்கு நிகர் யாருமில்லை என்று நானே சொன்னால் தற்பெருமை ஆகிவிடும். அதனால் கல்லூரியில் மற்றவர்களைச் சொல்லவைத்தேன்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. நிஜமாகவே நடந்தது. கற்பனை செய்திருந்தால் என்னை இதைவிடத் தைரியசாலியாகக் காட்டியிருப்பேன்.

அக்கா, குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போய், பக்கத்துப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். கார் இல்லாமல் முடியாது. அத்தான் ஒரு காரைப் பார்த்து வைத்திருந்தார். பதினொரு வருடப் பழசு. ஒரே உரிமையாளர். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று விற்பவர் சாவியையே கொடுத்துவிட்டாராம்.

"நீ சரின்னு சொன்னா வாங்குறோம்டா," என்றாள் அக்கா. "இடது பக்கம் பின்சீட்ல பாப்பா சீட்டை மாட்டணும். பார்த்துச் சொல்லு."

சனிக்கிழமை காலை அத்தானும் நானும் போய் வண்டியை எடுத்தோம். விற்பவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தனி ஆள். பதினொரு சான்றிதழ்களையும் ஒரு உறையில் போட்டு நீட்டினார்.

"நான் மட்டும்தான் ஓட்டினேன். பின்சீட்ல யாரும் உட்கார்ந்ததே இல்ல."

உண்மைதான் போலிருந்தது. பின்சீட்டில் கம்பெனி பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை. வலது பக்கம் இறுக்கமாக, பளபளப்பாக. இடது பக்கம் மட்டும் சுருங்கி, நடுவில் ஒரு சின்னப் பள்ளம்.

கிளம்பும்போது அவர் இடது பின்கதவைத் தொட்டுக்கொண்டு நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"மெதுவா ஓட்டுங்க," என்றார்.

தெரு முனை தாண்டியதும் ஆரம்பித்தது.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் எச்சரிக்கை. இடது பின்சீட். ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால்தான் அது அடிக்கும். அத்தான் வண்டியை ஓரம்கட்டினார். இறங்கினார். காலி சீட்டுக்குப் பெல்ட்டை மாட்டினார். மகளைத் தினம் ஆட்டோவில் ஏற்றி இறக்கிய பழக்கம். கதவைச் சாத்தும்போது வாய் தானாகவே, "கை பத்திரம்," என்றது.

சத்தம் நின்றது.

நான் விடுவேனா? "அத்தான், காத்துக்குப் பெல்ட் போட்டாச்சு. பால் புட்டி எங்க?"

"போடா டேய்."

"பசிக்குதான்னு கேளுங்க. முகம் வாடியிருக்கு."

வீடு வரும்வரை நிறுத்தவில்லை. மத்தியானம் சாப்பிடும்போதும் என் தட்டைத் தள்ளி வைத்து, "கை பத்திரம்," என்றேன். பாப்பா சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை.

பிறகு சான்றிதழ்களைப் பரப்பினேன். எஞ்சின், புகை, ஸ்டியரிங், எல்லாம் தேர்ச்சி. ஓடிய தூரம் வருடா வருடம் ஒழுங்காக ஏறியிருந்தது. மீட்டரைத் திருப்பிய அறிகுறி இல்லை. அப்பழுக்கில்லாத வண்டி. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது.

பிரேக்கைச் சோதிக்கும்போது உருளைமேல் சக்கரத்தை ஏற்றி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு எடை தாங்குகிறது என்று அச்சடித்துத் தருவார்கள். முதல் மூன்று வருடம் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே எடை. நான்காம் வருடம் இடது பக்கம் பன்னிரண்டு கிலோ கூடுதல். அடுத்த வருடம் பதினாலு. அப்புறம் பதினாறு...

"ஸ்பிரிங் தளர்ச்சி," என்று தீர்ப்பு சொன்னேன்.

அத்தான் எட்டிப் பார்த்தார். "தளர்ந்த ஸ்பிரிங் வருஷா வருஷம் எடை போடுமா மச்சான்?"

"காகிதம் படிக்கத் தெரிஞ்சவங்க பேசுறப்ப குறுக்க பேசக்கூடாது."

ஆனால் காகிதத்தில் இன்னொன்றும் இருந்தது. ஆறாம் வருடம் ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். ஏழாம் வருடமும் எடை ஏறியிருந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது. வண்டி மேல் இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் மேல். எதையோ மறைக்கிறார். அடிச்சட்டத்தில் விபத்து... ஒட்டுவேலை... ஏதோ ஒன்று. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போனேன்.

மாலை 5:40. மூடுகிற நேரம். மழை மேகம். கொட்டகைக்குள் ஒரே ஒரு விளக்கு. பரிசோதகர் பின்சக்கரங்களை உருளைமேல் ஏற்றினார். வண்டியை விட்டு இறங்கி, திரையைப் பார்த்தார்.

"பின்னாடி என்ன மூட்டையா? எறக்குங்க."

"ஒண்ணும் இல்லைங்க."

"இடது பக்கம் இருபத்தெட்டு கிலோ கூட காட்டுது. எறக்குங்க."

டிக்கியைத் திறந்தேன். காலி. மாற்று டயரையும் எடுத்து வெளியே வைத்தேன்.

"இன்னும் இருபத்தெட்டு," என்றார்.

சீட்டுக்கு அடியில் பார்க்கலாம் என்று இடது பின்கதவைத் திறந்தேன். அத்தான் போட்ட பெல்ட் அப்படியே இருந்தது. கழற்றினேன்.

பிளாஸ்டிக் உறை...

மெல்ல... கரகரவென்று...

பள்ளம் மேலே எழும்பியது.

"ஆ, இப்போ சரியாயிடுச்சு!" திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எதை எறக்கினீங்க?"

நான் எதையும் இறக்கவில்லை.

கதவைத் திறந்தபடியே நின்றேன். கணுக்காலில் மட்டும் குளிர்ந்தது. மழைக்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். டயரை உள்ளே போட்டேன். கதவைச் சாத்தினேன். கிளம்பினேன்.

கொட்டகை வாசலைத் தாண்டவில்லை...

டிங்.

வீடுவரை அடித்துக்கொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சென்சார் கோளாறு என்று ஏழெட்டு முறை சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? எட்டு வருட எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி, சாப்பாட்டு மேசையில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தேன். 12, 14, 16, 18, 18, 21, 24, 28.

அக்கா டியூட்டி முடிந்து வந்தாள். கைப்பையை வைத்தாள். காகிதத்தைப் பார்த்தாள்.

"யார் வீட்டுப் பிள்ளைடா இது?"

"எது?"

"இந்த எடையெல்லாம். ரெண்டு வயசுலேர்ந்து ஒம்பது வயசு வரைக்கும். தினம் இதைத்தானே எழுதிட்டிருக்கேன். நல்லாத்தான் வளருது." பதினெட்டு இரண்டு முறை வந்த இடத்தில் விரலை வைத்தாள். "இந்த ஒரு வருஷம் மட்டும் ஏறவே இல்ல பாரு. யாரோ சரியா கவனிக்கல."

இரண்டாவது பதினெட்டு எட்டாம் வருடத்தது. அந்தச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். முந்தின வருடத்திலிருந்து வண்டி ஓடிய தூரம் வெறும் நாற்பது கிலோமீட்டர்.

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா நான் கிண்டல் செய்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். செய்யவில்லை என்று தெரிந்தது போலும்.

"திங்கட்கிழமை ரெண்டு பஸ் மாறிப் போய்க்கிறேன்," என்றாள். "என் பிள்ளைய அந்தச் சீட்ல ஏத்த மாட்டேன். இப்பவே கொண்டு போய் விட்டுட்டு வா."

கண்ணாடிக்கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"எட்டாவது வருஷம் வண்டிய எடுக்கவே இல்லையா சார்?"

"கால் உடைஞ்சு படுத்திருந்தேன்... ஏன்?"

"பின்சீட்ல..."

"யாரும் உட்கார்ந்ததில்லன்னு சொன்னேனே."

"வண்டி வேணாம் சார். திருப்பிக் கொண்டு வர்றேன்."

 

"சரி," என்றார். "பெல்ட் போட்டுக் கூட்டிட்டு வாங்க."

ஓட்டிட்டு வாங்க என்று அவர் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.

மணி 7:25. கீழ்த்தள வாகன நிறுத்தம். அத்தான் வாசலில் ஸ்கூட்டரில் காத்திருந்தார், திரும்பும்போது என்னை ஏற்றிக்கொள்ள. காரில் நான் மட்டும். சாவியைத் திருப்பினேன்.

டிங்... டிங்...

பாட்டைச் சத்தமாக வைத்தேன்.

டிங்...

பாட்டை நிறுத்தினேன்.

இறங்கினேன். அத்தான் பார்க்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. இடது பின்கதவைத் திறந்தேன். பெல்ட்டை இழுத்தேன். காலி சீட்டுக்கு வேண்டியதைவிட... கொஞ்சம் நீளமாகவே வந்தது. மாட்டினேன்.

சத்தம் நின்றது.

"கை பத்திரம்," என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, மெதுவாகக் கதவைச் சாத்தினேன்.