தூக்குமேடைக்கு ஒரு ஒத்திகை

அவருக்கு ஊர் வைத்த பெயர் அவசரம். பெற்றவர்கள் வேறு ஏதோ ஒரு பெயர் வைத்தார்கள். அது இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? நாடகத்துக்கும் பள்ளி விழாவுக்கும் கடைத் திறப்புக்கும் மரத்தில் செட் போட்டுக் கொடுக்கிற தச்சர். "எங்களுக்கு ஒரு கப்பல் வேணும்" என்று நீங்கள் வாயைத் திறந்தால் போதும், எவ்வளவு பெரிசு என்று சொல்வதற்குள் காதில் செருகியிருந்த பென்சில் கைக்கு வந்துவிடும். ஒரு செருப்புக் கடைக்காரர் வாசலில் வைக்க ஆளுயரச் செருப்பு ஒன்று கேட்டார். அவசரம் செய்து கொடுத்த செருப்பை வைத்த பிறகு கடைக்குள் நுழைய வழியே இல்லை.

கல்யாணமும் அதே லட்சணம்தான். மேடைத் திரைக்குத் துணி தைக்கக் கொடுக்கத் தையல் கடைக்குப் போனவர், மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அளவு சொல்லிக்கொண்டே "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டுவிட்டார். அவள் நிதானமானவள். ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டுத்தான் "சரி" என்றாள்.

ஒரே மகள், எட்டு வயது. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். கொஞ்ச நாளாகத்தான் வாயைத் திறப்பதில்லை. "பரீட்சை வருதுல்ல, அதான்" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். மனைவியின் தம்பி மாடி அறையில் தங்கியிருந்தான். செட்டுக்கு வர்ணம் அடிப்பது அவன் வேலை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் அவன்தான். தங்கமான பையன் என்று தெருவே சொல்லும். அவசரமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரில் ஒரு சின்னக் குழந்தைக்கு அந்தக் கொடுமை நடந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் வயிறு பற்றி எரிந்தது. எரியாவிட்டால் அவன் மனுஷனா? குழந்தைமேல் கை வைக்கிறவன் எவனாக இருந்தாலும் தூக்கில் போடச் சட்டம் வர வேண்டும் என்று ஊரே கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை பெரிய ஊர்வலம். முன்னால் நின்றவர் மருந்துக் கடைக்காரர். இருமலுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களிடம்கூடக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் பாட்டிலைக் கொடுத்தார்.

அவர் அவசரத்தின் பட்டறைக்கு வந்து, "ஊர்வலத்துக்கு முன்னாடி ஒரு லாரியில தூக்குமேடை..." என்று ஆரம்பித்தார்.

"நெசமாவே வேலை செய்யற மாதிரி செஞ்சு தர்றேன்! காசு பத்திப் பேசாதீங்க" என்றார் அவசரம். மருந்துக் கடைக்காரர் கேட்க வந்தது அட்டையில் வரைந்த தூக்குமேடை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

அந்த வாரம் பட்டறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. லாரியில் ஏற்றி இறக்க வசதியாக எல்லாம் போல்ட் போட்டு முடுக்கினார். கைப்பிடியை இழுத்தால் நடுப்பலகை இரண்டாகத் திறந்து பொம்மை விழ வேண்டும். முதலில் பலகை திறக்க மறுத்தது. பிறகு மூட மறுத்தது. கீலை மாற்றினார், எண்ணெய் விட்டார், திட்டினார். சாப்பாடு ஆறிப் போனது. மச்சான் கறுப்பு வர்ணம் அடித்தான். "இப்படிப்பட்டவனை எல்லாம் நடுத்தெருவுல தொங்க விடணும் அத்தான்" என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவனும் அவன்தான். மனைவி சாக்கில் மரத்தூளை அடைத்துப் பொம்மை தைத்தாள். பொம்மைக்கு உடுத்தப் பழந்துணி மூட்டையைக் கிளறினாள். தம்பி கழித்துப் போட்ட நீலக் கட்டம் போட்ட சட்டை கைக்குக் கிடைத்தது. அளவு சரியாக இருந்ததால் அதையே மாட்டிவிட்டாள். யாரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

ஞாயிறு காலை ஒத்திகை. மச்சான் லாரியைக் கொண்டுவரப் போயிருந்தான். ஊர்வலக் கமிட்டிக்காரர்கள் பட்டறையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க!" என்று அவசரம் கத்தினார். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கைப்பிடியை இழுத்தார். படார்! பலகை பிளந்தது, பொம்மை சரிந்து விழுந்தது, கயிறு விறைத்து நின்றது. அடேயப்பா, என்ன கைதட்டல்! மருந்துக் கடைக்காரர் அவசரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த அலறல். வீட்டுக்குள்ளிருந்து பட்டறைக்கு வரும் வாசற்படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கண் பொம்மையின் சட்டைமேல் நிலைகுத்தி நின்றது.

"மாமாவை ஏன் தொங்க விட்டீங்க? நான் யார்கிட்டயும் சொல்லலையே! நான் சொல்லவே இல்லையே!"

"அடடா, அது பொம்மைம்மா" என்று மருந்துக் கடைக்காரர் சிரித்தார். அவசரமும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் மகளைப் பார்த்தார்; பிறகு அந்தச் சட்டையைப் பார்த்தார்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார். யாரும் நகரவில்லை. "போங்கன்னு சொல்றேன்ல!"

தகரக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். மனைவி ஓடி வந்து மகளைத் தூக்கினாள்.

"என்ன சொல்லலை? மாமா என்ன பண்ணான்? சொல்லு!" என்று அப்பா உறுமினார். "அவனை என் கையாலயே இதுல தொங்க விடறேனா இல்லையா பாரு!"

மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "ஒண்ணும் பண்ணலை! மாமா ஒண்ணுமே பண்ணலை!" என்று அழுதாள். அதற்குப் பிறகு உதடு இறுகிவிட்டது. அம்மா கொஞ்சினாள், கெஞ்சினாள். ம்ஹூம். ஆனால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையின் கண் அப்பாவிடம் இல்லை. அந்தக் கயிற்றில் இருந்தது.

"என்னங்க, அதை இறக்குங்க" என்றாள். "அது நிக்கிற வரைக்கும் இவ பேச மாட்டா."

அவசரம் ஸ்பேனரை எடுத்தார். முதலில் பொம்மையை இறக்கினார். சட்டையைக் கழற்றி எறிந்தார். குறுக்குச் சட்டத்தின் போல்ட்டில் கை வைத்தபோது வெளியே லாரி ஹாரன் அலறியது. கதவில் பட் பட்டென்று தட்டினார்கள்.

"அத்தான்! லாரி வந்தாச்சு, கதவைத் திறங்க!"

அவன் குரல்தான். மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவசரம் ஸ்பேனரோடு கதவுவரை போய்விட்டார். தாழைத் தள்ளினால் போதும், ஒரே அடி. வெளியே நிற்கிற அத்தனை பேரும் பாக்கியைப் பார்த்துக்கொள்வார்கள். ஊரில் அந்த நிமிஷம் தூக்குத் தண்டனை வேண்டும் என்று அவரைவிட அதிகமாக விரும்பியவர் வேறு யாரும் இல்லை. கை தாழின்மேல் இருந்தது. பின்னால் மகளின் விசும்பல் சட்டென்று நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமான் உடைஞ்சு போச்சு!" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள உயிர் போய் உயிர் வந்தது. "நீங்க கிளம்புங்க. இது வராது."

வெளியே வசவு, முணுமுணுப்பு, மறுபடி ஹாரன். கடைசியில் லாரி வெறுமனே போயிற்று. அவர் மேடைக்குத் திரும்பினார். ஒரு வாரமாகச் சோறு தண்ணி இல்லாமல் கட்டியதை ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். குறுக்குச் சட்டம் இறங்கியது, தூண்கள் சாய்ந்தன, கீல் போட்ட பலகை சுவரோரம் போனது. தரை காலியானதும் அவர் மகளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேர்வை கண்ணில் இறங்கியது.

"சொன்னா மாமாவுக்கு என்ன ஆகும்?" அவள் கேட்டாள்.

"போலீஸ் கூட்டிட்டுப் போவாங்க. ஜெயில்ல இருப்பான். நம்ம வீட்டுக்கு வரமாட்டான். உன் பக்கத்துல வரவே மாட்டான்."

"செத்துப் போயிடுவாரா?"

நெஞ்சு முழுக்க ஆமாம் ஆமாம் என்று கத்தியது. மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள். அது அவளுடைய தம்பி.

"இல்லைடா கண்ணு. சாகமாட்டான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் அம்மாவின் காதருகே வாயைக் கொண்டுபோனாள். மெதுவாக ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தவே இல்லை.

அவள் சொன்னதையெல்லாம் அன்று பகலிலேயே ஒரு பெண் போலீஸ் அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மச்சான் ஊர்வலம் முழுக்கக் கோஷம் போட்டுக்கொண்டே நடந்திருக்கிறான். கூட்டம் கலைந்த இடத்தில் பிடித்தார்கள்.

அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்கப் போனார் அவசரம். மருந்துக் கடைக்காரருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மேடையை நீயே பிரிச்சுப் போட்டுட்டியாமே. இப்படி ஆன பிறகும் தூக்கு வேண்டாம்னு சொல்றியா?"

"எனக்கு இன்னிக்கும் அவனைக் கொல்லணும்னுதான் இருக்குங்க. ராத்திரி பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுக்கறேன்" என்றார் அவசரம். "ஆனா நாம கேட்ட சட்டம் மட்டும் இருந்திருந்தா, நான் அவகிட்டப் பொய்ச் சத்தியம்தான் பண்ணியிருக்கணும். இல்லைன்னா அவ பேசியிருக்கவே மாட்டா. அவன் இன்னும் என் வீட்டு மாடியிலதான் இருந்திருப்பான்."

மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கவரில் போட்டு நீட்டினார். "என் வீட்டுலயும் ரெண்டு பேத்திங்க இருக்காங்க" என்றார்.

"கேட்டுப் பாருங்க" என்றார் அவசரம். "ஆனா முதல்ல, யாரையும் தொங்க விடமாட்டேன்னு சொல்லிட்டு அப்புறம் கேளுங்க."