நாலு புளியங்கொட்டை லாபம்

இட்லிக் கடைக்காரிக்கு மாவு பொங்குதான்னு ஒரு கவலைதான் இருக்கும்னு நினைக்காதீங்க அக்காமாரே, எனக்குச் சீட்டுக்கட்டுக் கவலையும் சேர்ந்துக்கிச்சு.

சாம்பார்னா போடு

கல்வராயன் மலையிலேர்ந்து மரவள்ளிக் கிழங்கு ஏத்தி வர லாரிங்க ஜவ்வரிசி ஆக்குற சேகோ ஆலை கேட்டுல வரிசையில நிக்கும். எதிர்ல என் கடை. கேட் திறக்குற வரைக்கும் டிரைவருங்க வேப்பமரத்தடியில சீட்டுல இருபத்தொண்ணு ஆடுவாங்க, கூட்டினா இருபத்தொண்ணுக்குள்ள யாருக்கு ஜாஸ்தியோ அவங்க ஜெயிப்பு. லோடு இறக்குற என் வூட்டுக்காரரும் சேர்ந்துக்குவார்.

செல்போன்ல எதையோ பார்த்துட்டு வந்து எனக்கு வேலை வெச்சார். ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் சின்ன சீட்டு போனா ஒண்ணு கூட்டு. பத்து, படம், ஆசு போனா ஒண்ணு கழி. எண்ணிக்கை ஏறினா கட்டுல பெரிய சீட்டு மிச்சம், ஜெயிக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு அர்த்தம். அப்ப அவர் தட்டுல சாம்பார் ஊத்தணும், அவர் ஜாஸ்தி பணம் வைப்பார். இல்லைன்னா சட்னி. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன், ஆனா மனக்கணக்கு வரும். ஆளுங்க முகத்தைப் பார்க்கவே கூச்சப்படுற நான், முதல் நாள் தலையைக் குனிஞ்சு வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டு நின்னேன். சீட்டு போடுற முருகேசண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, மந்திரம் சொல்லிக்கினே இட்லி அவிக்கிற?"

எட்டு ஆட்டம்

ஒருநாள் எண்ணிக்கை நல்லா ஏறிச்சு. ஒரு சீட்டுகூட நான் தப்பவிடலை. சாம்பார் ஊத்தினேன். தோத்தார். மறுபடி ஊத்தினேன், மறுபடி தோத்தார். கட்டு மாத்தி ஆடியும் வரிசையா எட்டு ஆட்டம். தூளியில பாப்பா அழுதுது. தூக்கினா எண்ணிக்கை போயிடும்னு காலால ஆட்டிக்கிட்டே நின்னேன். முருகேசண்ணன் சிரிச்சார்.

"சாம்பாரு துன்ன மூஞ்சியா இது? கசாயம் குடிச்சாப்ல கீதே!"

ரெண்டு டம்ளர்

என் எண்ணிக்கை மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. ரெண்டு டம்ளர் வெச்சேன். அவர் ஜெயிச்சா இதுல ஒரு புளியங்கொட்டை, தோத்தா அதுல ஒண்ணு. ஒரு மாசம் கழிச்சு முறத்துல கொட்டி ஜோடி ஜோடியா எடுத்தேன். ரெண்டு டம்ளரும் வாய் வரைக்கும் ரொம்பியிருந்துது. கடைசியில ஜெயிச்ச பக்கம் மிஞ்சினது நாலே நாலு. இவ்வளோ பாடுக்கு இதுதான்னு அவர்கிட்ட காட்டினா, அவருக்குக் கண்ணு மின்னுது.

"நாலு ஜாஸ்தி கீது இல்ல? பத்து பத்தா வெச்சா நாப்பது. ஆயிரமா வெச்சா நாலாயிரம்மே!"

சட்னி

மறுநாளே கிரைண்டரைத் தூக்கிப்போய் அடகு வெச்சுட்டார். சட்டைப்பையில மூவாயிரம். எட்டு ஆட்டம் வரிசையா போனது அவருக்கு மறந்துபோச்சு. மூவாயிரத்துக்கு மூணு ஆட்டம்தான். அதுவும் போனா மாவு ஏது, பாப்பாவுக்குப் பால் ஏது?

அன்னிக்குன்னு பார்த்து சின்ன சீட்டா போய்க்கிட்டே இருந்துது. அப்படி ஒரு எண்ணிக்கை நான் கண்டதில்லை. அவர் கை பையில, கண்ணு என் கரண்டியில. நான் சட்னி வெச்சேன்.

முகம் சுருங்கி, பத்து ரூபா வெச்சார். வந்தது பதினொண்ணுக்கு ஆசு, பத்துக்கு ராஜா. இருபத்தொண்ணு! சாம்பார் ஊத்தியிருந்தா ஆயிரம் வந்திருக்கும். அதுக்குள்ள கேட் திறந்து ஹாரன் அடிக்க, எல்லாரும் எழுந்துட்டாங்க. கிரைண்டரை மீட்க வேண்டிய மூவாயிரம் பையிலயே இருந்துது. பார்சல் வாங்க வந்த முருகேசண்ணன், பக்கத்துல என் வூட்டுக்காரர் கை கழுவிக்கிட்டு இருக்கும்போதே குண்டான் மூடியைத் திறந்தார்.

"சாம்பாரு தளும்பிக்கினு கீது, அவருக்கு மட்டும் இன்னாத்துக்கு தங்கச்சி சட்னி?"

எண்ணி எண்ணி நிஜம் சொன்னதுக்கு ஒரு மாசத்துல நாலு புளியங்கொட்டை மிஞ்சுச்சு, ஒரே ஒரு பொய்யில ஒரு கிரைண்டர் மிஞ்சுச்சு அக்காமாரே.