கல்யாணக் கோட்டுக்கு எடுத்த அளவு

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் ஒரு தினசரியில் உதவி ஆசிரியராக இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டீக்கடை பெஞ்சில் எதையாவது பிடித்துக்கொண்டு வாதாடுவது எங்கள் வழக்கம். ஆம்பளைக்குச் சொந்தமாக ஒரு கோட் சூட் தேவையா என்பது முகூர்த்த மாதங்களில் தவறாமல் வரும். இன்டர்வியூவுக்கு ஆகும் என்பார் ஒருவர். இந்த ஊரில் எந்த மில்காரர் கோட்டைப் பார்த்து வேலை கொடுத்தார், அதைப் போட்டுக்கொண்டு காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறிப் பார் என்பார் இன்னொருவர். "ஒரு நாள் போட்டோவுக்கு ஒரு துணிங்க. அப்பறம் பீரோவுக்குள்ள பூச்சி உருண்டையோட நாப்பது வருசம் தூங்கும்" என்று புரூப் ரீடர் முடித்து வைப்பார்.

நானும் தேவையில்லை என்ற கட்சிதான். காரணத்தை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. எனக்கு அந்த உடுப்பைக் கண்டால் பயம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முதல் நாள் மாலை வரவேற்பு. காலை முகூர்த்தத்துக்கு வேட்டி, வரவேற்புக்குக் கோட். கோட்டுத் துணி எடுத்துத் தைத்துக் கொடுப்பது பெண் வீட்டார் பொறுப்பு. பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் துணி எடுக்க வேண்டும், டெய்லரிடம் பக்கத்திலேயே இருந்து அளவு கொடுக்க வைக்க வேண்டும். எனக்கு நிச்சயமான பெண் அவிநாசிப் பக்கம். அவளுடைய அண்ணன் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புக்கு வேண்டிய தண்டுகளைக் கடைந்து கொடுப்பது தொழில். என்னைவிட மூன்று வயது மூத்தவர், பேச்சு குறைவு. தீபாவளி கழிந்த வாரம் தன் பைக்கில் என்னை டவுன்ஹால் பக்கத்துச் சந்து ஒன்றுக்குக் கூட்டிப்போனார்.

டெய்லர் கோட்டைமேட்டுக்காரர். ஊரில் பாதி மாப்பிள்ளைகளுக்குக் கோட் தைத்தவர். எல்லோருக்கும் அவர் பாய். கழுத்தில் டேப், காதில் பென்சில். அளவைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தானே நோட்டில் எழுதுவார். மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்துநாலு.

"உள்ளே ரெண்டு இஞ்சு துணி விட்டுத் தைக்கறனுங்க. இது நான் எல்லா மாப்பிள்ளைக்கும் செய்யறது" என்றார் பாய். "உறுதி ஆனதுல இருந்து ஊடு ஊடா விருந்துக்குக் கூப்புடுவாங்க. கோழியும் ஆடும் தின்னுபோட்டு, கல்யாணத்தன்னைக்குப் பட்டன் போட முடியலீன்னு எங்கிட்டத்தான் ஓடி வருவாங்க."

"எங்க மாப்ள அவ்வளவெல்லாம் சாப்பிடறவரு இல்லீங்க பாய்" என்றார் மச்சான்.

"எல்லா மச்சானும் இதத்தானுங்க சொல்றாங்க."

விருந்துகள் நடந்தன. ஆறு வாரத்தில் ஒன்பது வீடுகள். இலையில் எல்லாம் இருந்தது, எனக்குப் பசிதான் இல்லை. மாலையானால் உடம்பு லேசாகச் சுட்டது. ஒரு வறட்டு இருமல் வந்து போகாமல் நின்றது. டீக்கடையில், "பொண்ணு வரதுக்குள்ளயே பயந்து எளைக்கறயா" என்றார்கள். அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, "ஊரு கண்ணு பட்டுப்போச்சு சாமி" என்றாள். அவர்கள் யாரும் கவனிக்காதவர்கள் அல்ல, எவ்வளவு இளைத்தேன் என்பதுதான் தெரியவில்லை. வீட்டில் நான் கட்டுவது லுங்கி, ஆபீசுக்கு வேட்டியும் தொளதொள சட்டையும், விருந்துக்கும் வேட்டி. வேட்டி எந்த இடுப்புக்கும் பொருந்தும். நேற்றைவிட ஒரு விரற்கடை உள்ளே மடித்துச் செருகினால் போதும், கட்டுகிறவனுக்கே தெரியாது.

மார்கழி பிறந்து சில நாளில் டிரையலுக்குப் போனோம். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று, கல்யாணம் தை மாதம் நடுவில். மச்சான் வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். வெள்ளை நூலால் பெரிய பெரிய தையல் ஓடவிட்டிருந்த கோட்டை பாய் எனக்கு மாட்டினார். முன்னால் வந்து நின்று, "பட்டன் எட்டலீன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்று சிரித்தார். இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தார். ஒன்றன்மேல் ஒன்று நிறையவே ஏறியது. சிரிப்பு நின்றது. பேன்ட்டின் இடுப்புக்குள் கையை விட்டார். முழுக் கையும் போனது.

இடுப்பில் டேப்பைப் போட்டார். இந்த முறை அளவைச் சத்தமாகச் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டினார், மறுபடி டேப் போட்டார். குனிந்து பார்த்தேன். முப்பத்தொன்றரையில் அவர் நகம் நின்றது. அந்த நகத்தைப் பார்த்தபோதுதான் இருமலையும் இளைப்பையும் முதல் தடவையாகச் சேர்த்துப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதித்துப் பாருங்கள் என்ற அரசு விளம்பரத்தை அந்த மாதத்தில் மட்டும் இரண்டு முறை நானே எங்கள் பேப்பரில் வைத்திருந்தேன். எட்டாம் பக்கம், இடது கீழ் மூலை.

"என்னங்க பாய்?" என்றார் மச்சான், பேப்பரை மடிக்காமல்.

"என்ற தப்புங்க. தீபாவளிக் கூட்டத்துல வேற யாரு அளவையோ இவரு பேர்ல எழுதிப்போட்டேன். பிரிச்சுத் தச்சுடறனுங்க."

மச்சான் எழுந்து வந்து என் தோளில் தொங்கிய துணியைப் பார்த்தார், நோட்டில் பாய் முப்பத்துநாலை அடித்துப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தார். "செரிங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுக்கப் போனார். பாய் என் முதுகுப்பக்கம் குண்டூசிகளைக் கழற்றியபடி தணிந்த குரலில் சொன்னார். "தம்பி, நோட்டுல தப்பு இல்லீங்க. நாளைக்கே ஒரு டாக்டரைப் பாருங்க."

கோயமுத்தூரில் டாக்டரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எந்தக் கிளினிக் பெஞ்சிலும் சொந்தக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆபீசில் லீவு சொல்லிவிட்டு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே எக்ஸ்ரே எடுத்த இடத்தில் பெயர் கேட்டபோது வேறு ஒரு பெயரைச் சொன்னேன். பெயர் தப்பாக வந்தால் மறுநாள் திருத்தம் போடும் தொழில் என்னுடையது. பழுப்புக் கவரில் அந்த அந்நியன் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, சீக்கு இவனுக்குத்தான் என்று நினைத்துப் பார்த்தேன். பெருந்துறையில் நெஞ்சுச் சீக்கு ஆஸ்பத்திரி போர்டு தெரியும் வரை அது உதவியது.

சளிச் சோதனைக்காக இன்னும் இரண்டு நாள் போய்வந்தேன். டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். டி.பி. தான், ஆரம்பம். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாது. சில வாரத்தில் மற்றவருக்குத் தொற்றாத நிலை வந்துவிடலாம், ஆனால் உத்தரவாதம் சொல்ல முடியாது. தையில் கல்யாணம் என்றேன். "தள்ளி வையுங்க" என்றார்.

சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த இரண்டெழுத்து எங்கள் வட்டாரத்தில் ஒரு சம்பந்தத்தை முறிக்கப் போதும். அந்த வீட்டில் சீக்கு என்ற பேச்சு அக்காள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் காலம் வரை நிற்கும். சொல்லாவிட்டாலும் என்ன ஆகும் என்பது தெரியும். தை மாதம் ஒரு பெண் என் அறைக்கு வருவாள், நான் விட்ட மூச்சை இழுப்பாள். இருந்தும் சொல்லாமல் இருக்கவே வழி தேடினேன். மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லலாம். முதல் மாத்திரை போட்ட அன்றே, மருந்தின் சாயமேறி, சிறுநீர் செங்கல் நிறத்தில் போனது. கழிவறையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வெளியே வந்தேன். எங்கள் வீட்டிலேயே இருந்த அக்காள் குழந்தையைத் தூக்குவதை நிறுத்தினேன். அது கையை நீட்டிக்கொண்டு வந்தால் அவசர வேலைபோலச் செருப்பை மாட்டினேன்.

அந்த நாட்களில் கோட்டைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். வெயிலுக்கு ஆகாது, வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்று டீக்கடையில் சொல்வதெல்லாம் சரிதான். நான் கண்டது ஒன்றுதான். மற்றத் துணிகள் நம்மோடு அனுசரித்துப் போகின்றன. கோட் அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட நாளில் இவன் உடம்பு இவ்வளவு இருந்தது என்று அது சாட்சி வைத்துக்கொள்கிறது. பெற்ற தாய்க்குத் தெரியாததை அது ஒரு டெய்லருக்குச் சொல்லிவிட்டது. அது சொல்லாமல் இருந்திருந்தால் நான் கல்யாணம் வரை இருமிக்கொண்டே இருந்திருப்பேன் என்பதும் தெரியும். அப்படிப்பட்ட ஒன்றைப் பீரோவில் வைத்துக்கொண்டு தூங்க என்னால் முடியாது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாணப் பத்திரிகையின் புரூப் ஆபீசுக்கு வந்தது. மாப்பிள்ளை பேப்பர்காரர்தானே, அவரே பார்த்துக் கொடுக்கட்டும் என்று பெண்ணின் அப்பா அனுப்பியிருந்தார். இரண்டு எழுத்துப்பிழை. திருத்தினேன். அடியில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் இருபது முப்பது தடவை போடுகிற கையெழுத்து. அவள் பெயருக்குக் கீழே பேனா நின்றுவிட்டது. புரூப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன்.

பட்டறையில் கரண்ட் இல்லை. லேத்துகள் நின்றிருந்தன, ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மச்சான் ஜன்னலோரம் ஒரு தண்டை மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஈரோடு, பொய்ப் பெயர், ஆறு மாதம். கேட்டு முடியும் வரை தண்டைக் கீழே வைக்கவில்லை.

"தெரியுங்க மாப்ள" என்றார். "சீக்கு என்னன்னு தெரியாது. பாய் பொய் சொல்றாருன்னு அன்னைக்கே தெரியும். டேப் புடிக்கறவன் கால் இஞ்சு தப்பு பண்ணுவான். ரெண்டரை இஞ்சு பண்ண மாட்டான். நானும் அளக்கறவன்தானுங்களே."

"அப்பறம் ஏனுங்க மச்சான் கேக்கல?"

"நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தனுங்க. சனிக்கிழமை வரைக்கும். அதுக்கு மேல அப்பாகிட்டச் சொல்லி நிறுத்திப்போடலாம்னு இருந்தேன்."

கோபமில்லாமல், ஆர்டர் எப்போது முடியும் என்று சொல்வதுபோலச் சொன்னார். டிரையல் முடிந்த நாளிலிருந்து அவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தங்கச்சிகிட்ட நான் சொல்ல மாட்டனுங்க" என்று மேசைப் போனைச் சுழற்றி, வீட்டில் எடுத்த யாரிடமோ அவளைக் கூப்பிடச் சொல்லி, ரிசீவரை என்னிடம் நீட்டினார். நிச்சயத்துக்குப் பிறகு அவளோடு நான் பேசியது இரண்டு தடவை, இரண்டும் சாப்பிட்டாச்சுங்களா என்ற அளவில். இப்போது நோயின் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அண்ணன் கேட்டு இதச் சொல்றீங்களா, நீங்களாச் சொல்றீங்களா?"

"நானாத்தானுங்க."

"மாத்திரை ஆரம்பிச்சாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"அப்ப ஆவணில வெச்சுக்கலாம்னு அப்பாகிட்ட நான் பேசறேன். ஒரு நாள் மாத்திரை விட்டாலும் எனக்குத் தெரியோணுங்க."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கோட்டை நான் வாங்கப் போகவே இல்லை, வரவேற்புக்கும் வேட்டி சட்டையே போதும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். அதெல்லாம் பிறகு. அன்று போனை வைத்ததும் மச்சான் வெளியே போய் ஒரு கிளாஸ் டீ வாங்கி வந்து கொடுத்தார். குடித்து முடித்தேன். கிளாஸைக் கீழே வைப்பதற்குள் அவரே கை நீட்டி வாங்கினார். விளிம்பில் விரல் படாமல் அடியில் பிடித்திருந்தார். டீக்கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. பட்டறைக்குப் பின்னால் இரும்புச் சுருள் கொட்டுகிற இடத்துக்குப் போனார். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவர் நான் கேட்டுவிட்டதை என் முகத்தில் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள. ஊட்டுல சின்னக் குழந்தைக இருக்குது."

"செரியாத்தானுங்க செஞ்சீங்க" என்றேன்.