ஆணி அடித்த ஜன்னல்

வேங்கிக்கால் வீட்டின் மேற்கு ஜன்னலில் நான்கு ஆணிகள் இருந்தன. ஜன்னல் கதவைச் சட்டத்தோடு சேர்த்து அப்பா அடித்தவை. அதைத் திறந்தால் மலை தெரியும். திருவண்ணாமலையில் மலை தெரியாத ஜன்னல் வேண்டுமென்றால் ஆணிதான் அடித்தாக வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த ஆணிகளைப் பார்த்தாலே எனக்குப் பயம். வெளியே ஒருவர் காத்துக்கொண்டு நிற்கிறார், ஒருநாள் வந்து தட்டுவார் என்று தோன்றும்.

ஆணிகளுக்குக் காரணம் நான்தான். பல வருடம் குழந்தையில்லாமல் இருந்த அப்பாவும் அம்மாவும், பிள்ளை பிறந்தால் கார்த்திகைத் தேர் அன்று கரும்புத் தொட்டில் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, சேலையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, அதில் குழந்தையைக் கிடத்தி, முன்னால் தகப்பனும் பின்னால் தாயும் தோளில் சுமந்து மாட வீதியைச் சுற்றி வருவது எங்கள் ஊர் வழக்கம். 1989 ஐப்பசியில் நான் பிறந்தேன். பதினோராம் நாள், பிரசவக் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். சொல்லி வைத்திருந்த கரும்பு வந்து சேர்ந்தபோது, அப்பா அதைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டு ஆணியை எடுத்தாராம். "பின்னால யாரு தூக்குவா?" என்பதைத் தவிர வேறெதுவும் அவர் பேசவில்லை என்று அத்தை சொல்வாள். அத்தை அப்பாவின் அக்கா. புருஷனை இழந்தவள், என்னை வளர்க்க வந்தவள்.

அப்பா அரசாங்க ஜீப் டிரைவர். ஜீப்பைத் திருப்புகிற பக்கமெல்லாம் மலை வந்து நிற்கும். வீட்டிலாவது அது வேண்டாம் என்று நினைத்திருப்பார். ஆனால் தினமும் காலையில் காபிக்கு முன்னால் அந்த மூடிய ஜன்னலைப் பார்த்து, "அந்தாளு இன்னும் அங்கதான் குந்திக்கினு இருக்காரா?" என்று ஆரம்பித்தால், காபி ஆறும்வரை வசவு நிற்காது. எங்கள் ஊரில் அந்த மலையேதான் சாமி; அவர் பெயரை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்கு ஆறு வயதிருக்கும். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்: "தொட்டில் கடன் நிக்குது. அந்தப் பொண்ணு தங்கினா ஆச்சரியம்தான்." என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு தும்மலுக்கும் நடுங்கினேன். கார்த்திகை வந்தால் ஊரெல்லாம் கொண்டாட்டம், எனக்கு மட்டும் கெடு நெருங்குகிற மாதிரி இருக்கும். தீபத்தன்று தெரு முழுக்க அகல் எரியும்போது எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருக்கும். கடன் நிற்கிற வீட்டைக் கண்டுபிடிக்க அவருக்கு அதுவே போதுமே என்று போர்வைக்குள் சுருண்டு கிடப்பேன்.

ஒன்பது வயதில் டைபாய்டு வந்தது, அதுவும் கார்த்திகையில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, அவர் வந்து தட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வராந்தாவில் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவது உள்ளே கேட்கும். கோயிலில் கொடியேறி மூன்றாம் நாள், விடிகிற நேரத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது.

அப்பா சந்தோஷப்படவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "நான் கேக்கவே இல்லக்கா. திட்டிக்கினுதான் இருந்தேன்" என்று அத்தையிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அடி விழும் என்று ஓடி ஒளிந்த பிள்ளைக்கு, அடிக்காமல் சோறு போட்டால் வருமே ஒரு பயம், அதுதான் அவருக்கு வந்தது. அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். அதனால் என் பயம் இரட்டிப்பானது.

தேர் அன்று காலை மூன்று கரும்போடு வந்தார். அம்மா தொட்டிலுக்கென்று எடுத்து வைத்திருந்த மஞ்சள் சேலை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. "மூணு கரும்பு தாங்காதுடா. இன்னும் ரெண்டு சேத்துக்கோ" என்றாள் அத்தை. "வேண்டிக்கினது மூணுதான். கூட்டினா அது வேற வேண்டுதலா ஆயிடும்" என்று அப்பா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கைக்குழந்தைக்கு வேண்டிக்கொண்ட கரும்பில் ஒன்பது வயதுப் பெண்ணை ஏற்றினார்கள். தாலியில்லாதவள் பிடிக்கலாமா என்று யாரும் கேட்பதற்குள், அத்தை பின்னால் போய்த் தோள் கொடுத்தாள்.

என் கால்கள் சேலைக்கு வெளியே தொங்கின. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கு வெட்கப்படக்கூட முடியவில்லை. அடிக்கொரு தரம் கரும்பு முனகியது. முறிந்தால் என்னை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அர்த்தம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி கிடந்தேன். பேகோபுரத் தெருவில் மலை நேர் மேலே நிற்கும். அங்கே வந்ததும் முறிந்தது.

விழுவதற்குள் அப்பா பிடித்துக்கொண்டார். "ஏத்துக்கலக்கா" என்றார்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணு கனம் கரும்பு தாங்கல. அதுக்கு சாமி என்னடா பண்ணும்? நெனச்சாலே போதும்னு இருக்கிற சாமி இது. ஒன்பது வருசத்துல ஒருநாளாவது அவர திட்டாம காபி குடிச்சிருக்கியா நீ? தெனம் விளக்கேத்துறவங்களே ஒரு நாள் மறப்பாங்க. நீ மறக்கவே இல்லியே."

அப்பா நடுத்தெருவில் நின்று அழுதார். பிறகு என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முறிந்த கரும்பை ஒரு கையில் பிடித்தபடி மிச்சத் தெருவையும் நடந்தார். மஞ்சள் சேலையை அத்தை சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

தேருக்கு மூன்றாம் நாள், தீபத்தன்று அப்பா ஆணிகளைப் பிடுங்கினார். துருப்பிடித்த ஆணிகள், கத்திக்கொண்டே வந்தன. உச்சியில் சுடர் தெரிந்தபோது அவர் கும்பிடவில்லை. கும்பிடுவது மறந்துவிட்டதோ என்னவோ, என் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சாகும்வரை அந்த ஜன்னலை மூட அவர் விட்டதில்லை. மழைச் சாரலில் பாய் நனைந்தாலும் சரிதான்.

இப்போது அதே வீட்டில் என் மகளுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல். இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் இன்று காலை சொன்னார், முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வீட்டுக்கு வந்தேன். மலை அப்படியே உட்கார்ந்திருந்தது. வந்த ஆத்திரத்தில் ஜன்னலை அறைந்து சாத்தப் போனேன். சட்டத்தில் நான்கு ஓட்டைகள் விரலில் தட்டுப்பட்டன.

ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும். பயம் துளியும் குறையவில்லை. காபி ஆறும்வரை அவரைத் திட்டினேன், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.