அழாதவர்களுக்கான பயிற்சி

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், புளியமரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில், பெண் துறவியர் சபை ஒன்றின் பயிற்சி இல்லம் இருந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் நான் வாரம் ஒருமுறை அங்கே சென்று உளவியல் கற்பித்துவந்தேன். மதுரையில் ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்தி ஓய்வுபெற்றவன் என்பது என் முதல் தகுதி. ஞாயிறு பூசையைத் தவறவிடாதவன் என்பது இரண்டாவது. இரண்டாவதைத்தான் அவர்கள் முதலில் விசாரித்தார்கள்.

அந்த ஆண்டுகளில் நம் துறவற இல்லங்களுக்குள் உளவியல் நுழைந்த வேகம் சாதாரணமானதல்ல. அதற்கு முன்பெல்லாம் ஓர் இளம் துறவி முகம் சுளித்தால் அது சாத்தானின் சோதனை. கூடுதலாக ஒரு செபமாலை சொன்னால் தீரும். பிறகு அதே முகச்சுளிப்பு குழந்தைப்பருவக் காயமாகப் பதவி உயர்வு பெற்றது. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த விஷயங்கள், வட்டமாக அமர்ந்து பகிரும்போது மூன்று மாலைகளை எடுத்துக்கொண்டன. இந்த மாற்றத்தில் என் பங்கும் உண்டு. அதற்காகத்தான் எனக்குப் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் கொடுத்தார்கள்.

இல்லத்தின் சாப்பாட்டு அறையில் ஒரு தெர்மாகோல் பலகை தொங்கியது. அதில் வண்ணத்தாளில் வெட்டி ஒட்டிய ஆறு முகங்கள்: மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், குழப்பம், அமைதி. நவதுறவிகள் ஒவ்வொருவருக்கும், அதாவது துறவற உறுதிமொழியான முதல் வார்த்தைப்பாட்டுக்காகக் காத்திருக்கும் பயிற்சிப் பெண்கள் ஒவ்வொருவருக்கும், துணி காயப்போடும் கிளிப் ஒன்று உண்டு. காலைப் பூசை முடிந்து இட்லிக்கு முன்பாக, தன் உள்ளம் அன்று எந்த முகத்தில் இருக்கிறதோ அதன் அடியில் கிளிப்பைச் செருக வேண்டும். இந்த யோசனையைக் கொண்டுவந்தவர், வெளிநாட்டில் உளவியல் ஆலோசனைப் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்த ஒரு குருவானவர். மாதம் இருமுறை அவர் வருவார்.

பெண்கள் விரைவில் கற்றுக்கொண்டார்கள். துயரத்தில் செருகினால் தனியறைக்கு அழைப்பு வந்தது. கோபத்தில் செருகினால் அன்று பாத்திரம் தேய்க்கும் பொறுப்பு வேறொருத்திக்கு மாறியது. அவளும் கோபத்தில் செருகினாள். மகிழ்ச்சியில் தொடர்ந்து செருகினால் எதை மறைக்கிறாய் என்று கேட்டார்கள். ஆகவே சில வாரங்களில் எல்லாக் கிளிப்புகளும் அமைதிக்குக் குடிபெயர்ந்தன. பாரம் தாங்காமல் பலகை அந்தப் பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. பயிற்சியாளர்கள் கூட்டத்தில் குருவானவர் இதைக் குறிப்பிட்டு, இல்லம் முழுவதும் ஓர் உள் அமைதியை நோக்கி நகர்ந்திருக்கிறது என்று மனநிறைவுடன் சொன்னார்.

அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் என் மனைவி இறந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரமே நான் வகுப்புக்குத் திரும்பினேன். அன்றைய பாடம், இளமைப் பருவத்தில் நினைவாற்றல். பாடம் முடிந்ததும் பயிற்சித் தலைவியான சகோதரி எழுந்து பெண்களிடம் சொன்னார்:

"சாரைப் பாருங்க. வீட்டுல எம்புட்டுப் பெரிய இழப்பு! ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா? பக்குவம்னா இதுதான், விசுவாசம்னா இதுதான்."

பெண்கள் கைதட்டினார்கள். என் துக்கத்துக்குக் கைதட்டல் கிடைத்தது அதுவே முதல் முறை.

அடுத்த சில வாரங்களில் அந்தப் பெண்களில் ஒருத்தியின் தந்தை இறந்தார். குஜிலியம்பாறைக்கு அப்பால் மானாவாரிக் காட்டில் நிலக்கடலை போட்டு, வெள்ளாடு மேய்த்தவர். களத்துமேட்டில் நெஞ்சு வலித்துச் சாய்ந்தார். பெண், துணைக்கு இல்லத்துச் சகோதரி ஒருவருடன் சென்று, அடக்கத்தை முடித்துத் திரும்பினாள். மறுநாள் விடியலில் வழக்கம்போல் மாடுகளைக் கறந்தாள். மாட்டுத் தொழுவம் அவளுடைய பொறுப்பு. பூசையில் வாசகம் வாசித்தாள், குரல் நடுங்கவில்லை. கிளிப்பை அமைதியில் செருகினாள்.

பயிற்சித் தலைவி கலங்கிப்போனார். நல்ல மனம் கொண்டவர் அவர். பயிற்சியாளர்களுக்கான ஆறு மாதப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார்; புதிதாகக் கண்ணாடி போட்டவர் கடைப் பலகைகளையெல்லாம் படித்துக்கொண்டு நடப்பதைப் போல, எதிர்ப்பட்ட எல்லோரையும் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பிள்ளை அழவே இல்ல. உள்ள அடக்கி வச்சிருக்கு. இப்படியே வார்த்தைப்பாடு குடுத்தா பின்னாடி வெடிக்கும். ஃபாதரும் அதையேதான் சொல்றாங்க."

வார்த்தைப்பாட்டுக்கு இரண்டு மாதமே இருந்தது. பெண்ணைத் 'திறக்க' ஓர் அமர்வு ஏற்பாடாயிற்று. பார்வையாளர் அறையில் குருவானவர், தலைவி, ஆலோசகர் என்ற முறையில் நான். எதிரே அந்தப் பெண். அவளுக்கு எதிரே காலியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"இந்த நாற்காலியில உங்க அப்பா இருக்கார்னு நெனச்சுக்கம்மா," என்றார் குருவானவர். "அவர்கிட்ட சொல்லாம விட்டதையெல்லாம் சொல்லு."

அவள் நாற்காலியைக் கவனமாகப் பார்த்தாள். "எங்கப்பா இதுல உக்கார மாட்டாரு ஃபாதர்."

"ஏன்மா?"

"சாமியார் முன்னாடி நாற்காலியில உக்காந்ததே இல்ல. தரையில உக்காருவாரு. இல்லாட்டி வீட்டுக் கயித்துக் கட்டில்ல."

குருவானவரின் முகம் ஒளிபெற்றது. எதிர்ப்பு உடைகிறது என்று என் காதில் கிசுகிசுத்தார். உடனே வாட்ச்மேனின் கயிற்றுக் கட்டிலுக்கு ஆள் போயிற்று. வாட்ச்மேனே அதைத் தலையில் சுமந்துவந்து வாசலில் நின்றார்.

"சிஸ்டர், மூட்டப்பூச்சி அம்புட்டும் இதுலதான் கெடக்கு. சாமியாரு படுக்கவா?"

"படுக்க இல்லண்ணே. பேச."

"கட்டில்கிட்டயா?"

"வச்சுட்டுப் போங்க, சொல்றேன்."

கட்டில் நடுவே போடப்பட்டது. அந்தப் பெண் எழுந்து, சரிந்திருந்த கால் பக்கத்தை இழுத்து நேராக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சற்று யோசித்தாள்.

"அப்பா, மழை பேஞ்சுச்சா? வெள்ளாட்டுக்குட்டிய அண்ணன் வித்துரப் போகுதாம். நீங்க ஒண்ணும் சொல்லிக்கிடாதீங்க, அதுக்கும் செலவு கெடக்கு." பிறகு திரும்பி, "போதுமா ஃபாதர்?"

போதவில்லை. துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று குருவானவர் விளக்கினார். பெண் மறுப்பையும் கோபத்தையும் இன்ன பிறவற்றையும் தொடாமல் நேராகக் கடைசிப் படியான ஏற்புக்குத் தாவியிருக்கிறாள். இடையில் உள்ள வகுப்புகளைப் படிக்காமல் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்த மாணவியைக் கண்ட கல்வி அதிகாரியின் கவலை அவர் குரலில் இருந்தது. அவளைத் திரும்ப இரண்டாம் வகுப்புக்கு அனுப்புவது அவசியம்.

"கடவுள்மேல கோபப்படும்மா. தப்பில்ல. அவர் தாங்குவார்."

"எம்புட்டு நேரம் ஃபாதர்? நாலு மணிக்குப் பால் கறக்கணும்."

"கீழ்ப்படிதலோட செய் பிள்ளை," என்றார் தலைவி மென்மையாக.

இரண்டு ஆண்டுகளாகக் கீழ்ப்படிதலில் பயின்ற பெண் அவள். கைகளைக் கூப்பினாள். கண்களை மூடினாள். தலையைக் குனிந்து, மிகுந்த பணிவுடன், எல்லாம் வல்ல இறைவன்மீது கோபப்பட முயன்றாள். மூச்சை அடக்கியதில் கழுத்து நரம்பு புடைத்தது. அதை நல்ல அறிகுறியென்று எண்ணிக் குருவானவர் முன்னால் சாய்ந்தார். சிறிது நேரம் கழித்து அவள் கண் திறந்தாள்.

"வரலை சிஸ்டர்."

அன்று திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வாட்ச்மேனின் கேள்வியை முதலில் சொல்வதா, பெண்ணின் பணிவான கோபத்தை முதலில் சொல்வதா என்று நான் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். இத்தகைய கதைகளை வீட்டில் சொல்லும்போது முக்கியமானதை முதலிலேயே உளறிவிடுவதாக என்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. இந்த முறை அதற்கு இடம் தரக்கூடாது என்று எண்ணினேன். ஓய்வுக்குப் பின் நாங்கள் குடிவந்திருந்த திண்டுக்கல்லில், பேருந்து நிலையத்தில் இறங்கி, பாதித் தெரு நடந்த பிறகுதான், கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒரு கடையில் நின்று, தேவையில்லாமல் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் நானே தொழுவத்துக்குச் சென்றேன். அவள் சாணம் வழித்துக்கொண்டிருந்தாள். வார்த்தைப்பாட்டை ஓராண்டு தள்ளிப்போடப் பரிந்துரை போகிறது என்ற செய்தி அவளுக்கும் எட்டியிருந்தது.

"தள்ளிப்போனா அம்புட்டுத்தான் சார்," என்றாள். "அண்ணன் ஒட்டன்சத்திரம் பக்கம் மாப்ள பாத்து வச்சிருக்கு. இந்த வருசம் குடுக்கலைன்னா வந்து கூட்டிட்டுப் போயிரும். அப்பா இருந்தவரைக்கும் தடுத்துக்கிட்டு இருந்தாரு."

"உனக்கு இங்கே இருக்கத்தான் விருப்பமா?"

"பின்ன என்ன சார், சாணி அள்ளவா ரெண்டு வருசம் இருந்தேன்?"

கேட்கத் தயங்கிய கேள்வியைக் கேட்டேன். "நீ அழவே இல்லையாம்மா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "ஏன் சார் அழாம? தெனம் கறக்கையில அழுறேன். மாடு திரும்பிப் பாக்கும், அப்புறம் அதுபாட்டுக்குத் திங்கும்."

"அதைத் தலைவியிடம் சொல்லிவிட வேண்டியதுதானே? பிரச்சினையே முடிந்துவிடும்."

"சொன்னா இங்கயும் வந்து உக்காந்துக்கிருவாங்க சார்." குரலைத் தாழ்த்தினாள். "நீங்களும் சொல்லிராதீங்க. சத்தியமா."

சொல்ல மாட்டேன் என்று வாக்களித்தேன். அதன் விலை எனக்கு உடனே விளங்கியது. அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே சான்று என் கையில் இருந்தது. அதைக் காட்டும் உரிமைதான் இல்லை.

முடிவெடுக்கும் கூட்டத்துக்குச் சபையின் மாநிலத் தலைவி வந்திருந்தார். வளாகத்தில் பள்ளிக்கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததால், அவருடைய ஒரு காது எப்போதும் மணல் லாரிக்காகத் திறந்திருந்தது. குருவானவர் தம் கருத்தை எடுத்துரைத்தார்: பெண் நல்லவள், பக்தியுள்ளவள், உழைப்பாளி, ஆனால் உணர்வு முதிர்ச்சி போதாது, ஓராண்டு தள்ளிப்போடலாம். பயிற்சித் தலைவி கண்களைத் துடைத்தபடி ஆமோதித்தார். என் கருத்தைக் கேட்டார்கள்.

"என் மனைவி இறந்து நான்கு மாதம் ஆகிறது," என்றேன். "நானும் அழவில்லை."

யாரும் எதிர்பார்க்காத பேச்சு. பயிற்சித் தலைவிதான் சமாளித்தார். "உங்க விஷயம் வேற சார். நீங்க படிச்சவங்க."

"அப்படியென்றால் பட்டம் வாங்கினவன் அழாவிட்டால் பக்குவம், பத்தாவது படித்த பிள்ளை அழாவிட்டால் நோய். பாடத்தில் சேர்த்துவிடலாமா, சிஸ்டர்? அடுத்த வாரமே நடத்துகிறேன்."

அவர் முகம் சிவந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "அவளைத் தள்ளிவைப்பதென்றால் என்னையும் இந்த இல்லத்திலிருந்து தள்ளிவைப்பதே நியாயம். இருவருக்கும் ஒரே குறைதான்."

குருவானவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன். என் தொழிலில் நானே பலரை அப்படிப் பார்த்திருக்கிறேன். அதுவரை அவர் ஒரு மானாவாரிக் காட்டுப் பெண்ணிடம் தோற்றுக்கொண்டிருந்தார். இப்போது அவர் முன்னால் ஒரு பேராசிரியர் இருந்தார்.

"சார்," என்றார் மிகக் கனிவாக. "நாலு மாசமா... ஒரு தடவைகூடவா இல்ல?"

"இல்லை."

"இழப்பைச் சந்திச்சவங்களுக்கு ஒரு வாரப் பயிற்சி வச்சிருக்கேன், இங்கயே. நீங்க கட்டாயம் வரணும் சார். உங்களுக்காகச் சொல்றேன்."

வட்டமாக உட்கார்ந்து, மனைவியின் பெயரைச் சொல்லி, அந்நியர்கள் முன்னால் கண்ணை மூடிக்கொள்வதை நான் வேறு எந்தச் சூழ்நிலையிலும் ஏற்றிருக்க மாட்டேன். என் மகளிடம்கூட அதைப்பற்றி நான் பேசியதில்லை.

"வருகிறேன்," என்றேன். "ஆனால் எனக்கு இன்னும் கோபத்தின் படியே வரவில்லை, என்னைச் சரிசெய்யும் வேலை அதிகம். அந்தப் பெண்ணின் விஷயத்தை இன்றே முடித்துவிட்டால், முழுக் கவனத்தையும் என்மீது செலுத்தலாம்."

கேலி செய்கிறேனா என்று அவர் ஒரு கணம் சந்தேகித்தார். ஆசை சந்தேகத்தை வென்றது. பெண்ணுக்குத் தொடர்ந்து ஆன்ம ஆலோசனை கிடைத்தால் வார்த்தைப்பாட்டுக்குத் தடையிருக்க வேண்டியதில்லை என்றார். வெளியே லாரியின் ஹாரன் ஒலித்தது. மாநிலத் தலைவி எழுந்துகொண்டார்.

"அப்ப பிள்ளை வார்த்தைப்பாடு குடுக்கட்டும், சார் பயிற்சிக்கு வரட்டும். முடிஞ்சது. நான் போய் மணலைப் பாக்குறேன், போன தடவை பாதி மண்ணா கொட்டிட்டான்."

அந்த ஒரு வாரத்தைப்பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கைவிரலால் வண்ணம் பூசினோம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மூச்சுவிட்டோம். உடன் இருந்தவர்கள் ஆறு சகோதரிகளும் ஓர் ஆண் துறவியும். எல்லோரும் உரிய நேரத்தில் அழுதார்கள், சிலர் உண்மையாகவே. என் முறை வரும்போதெல்லாம் அறையில் ஓர் எதிர்பார்ப்பு கூடியது. மனைவியைப்பற்றி அவர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். கணக்கு ஆசிரியை. மணமாகி முப்பத்தோரு வருடம். சிறுநீரகம்.

கடைசி நாளன்றே வார்த்தைப்பாட்டுத் திருப்பலியும் அமைந்தது. போய்வர அனுமதி கேட்டேன். செயல்முறையின் நடுவில் யாரும் எழுந்துபோகக் கூடாது, அது மனத்துக்கு ஆபத்து என்றார் குருவானவர். ஆகவே, எவளுடைய வார்த்தைப்பாட்டுக்காக நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேனோ, அதை அந்த அறையில் உட்கார்ந்திருந்ததாலேயே பார்க்க முடியவில்லை. ஆனால் கோயிலின் ஒலிபெருக்கி அருகிலிருந்த வேப்பமரத்தில் கட்டப்பட்டிருந்தது.

நாங்கள் கண்களை மூடி, பாதங்களைத் தரையில் பதித்து, உடலுக்குள் இழப்பு எங்கே தங்கியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றையும் குஜிலியம்பாறை உச்சரிப்பில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு சொல்லும் தடுக்காமல் வாசித்தாள். பின்னால் யாரோ ஒரு பெண் விம்மினாள். தாயாக இருக்கலாம், பயிற்சித் தலைவியாகவும் இருக்கலாம்.

என் முகத்தில் ஏதோ மாறியிருக்க வேண்டும். குருவானவர் தம் நாற்காலியை ஓசையில்லாமல் என் அருகே நகர்த்தினார்.

"இப்ப உள்ள என்ன நடக்குது சார்?"

"மகிழ்ச்சியாக இருக்கிறது, ஃபாதர்."

அவர் இரக்கத்துடன் தலையசைத்தார். "நல்லது. அதுக்கு அடியில என்ன இருக்குன்னு மெதுவாப் பாப்போமா?"

"இருக்கிறது, ஃபாதர்," என்றேன். "அது அங்கேயே இருக்கட்டும்."

வேப்பமரத்து ஒலிபெருக்கியில் அடுத்த பெண்ணை அழைத்தார்கள்.