சட்டி முதலா, கிளாஸ் முதலா

தொண்ணூறுகளில் இன்டர்லாக்கனில் நான் வேலை செய்த ஹோட்டலில் இரண்டு வல்லரசுகள் இருந்தன. ஒன்று குசினியின் தலைமைச் சமையல்காரர். பேர்ன் பக்கத்து ஆள், ஜெர்மன் பேசுபவர். மற்றது ரெஸ்டாரண்ட் மேலாளர். லோசானிலிருந்து வந்தவர், கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் வரும். இரண்டுக்கும் நடுவே கோப்பை கழுவுமிடம். அந்தக் குட்டி நாட்டின் குடிமக்கள் நாங்கள் ஆறு தமிழர்.

என் அறைத்தோழர் மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணை என்பேன். வேலை முடிந்து தேத்தண்ணியோடு உட்கார்ந்தால் எங்களுக்கு ஒரே கதைதான்: பெரிய ராச்சியங்களின் போட்டியில் எங்கள் தீவு எப்படிச் சீரழிந்தது, எந்தக் கட்சிக்குப் பின்னால் எந்த அயல்நாடு நின்றது.

"உள்ளுக்குள்ள ஒற்றுமையா இருந்திருந்தா வெளியான் வந்து கை வைச்சிருப்பானோ?" என்பார் அண்ணை.

"நாங்களெண்டா விட்டிருக்க மாட்டம்" என்பேன் நான். என்ன வாய் எனக்கு!

அந்தக் கோடையில் வல்லரசுகள் முட்டிக்கொண்டன. முதலில் சட்டி கழுவுவதா, கிளாஸ் கழுவுவதா என்பதுதான் பிரச்சினை. சட்டி இல்லாமல் சமைப்பது எப்படி என்றார் ஒருவர். கிளாஸ் இல்லாமல் விருந்தாளிக்கு உள்ளங்கையிலா வைன் ஊற்றுவது என்றார் மற்றவர். முதலாளி கையை விரித்துவிட்டார். "கழுவுகிறவர்களே ஒரு பொறுப்பாளரைத் தெரிவு செய்யட்டும். வேலை ஒழுங்கும் சனிக்கிழமை லீவும் அவர் கையில்."

எனக்கு லீவு என்றதும் காது நிமிர்ந்தது. கலியாணம் கட்டி ஆறு கிழமையில் விட்டுவிட்டு வந்த மனைவியை நான் பார்த்து நான்கு வருடம். பெர்மிட் கிடைத்து, ஆவணியில் ஒரு சனிக்கிழமை அவள் சூரிச்சில் வந்திறங்க இருந்தாள். ஒரு சனிக்கு ஒரு கழுவுகாரனுக்குத்தான் லீவு. தலைமைச் சமையல்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். நீ நின்றால் வெல்ல உதவுவேன், சட்டியை மட்டும் முதலில் கழுவு, சனிக்கிழமை உனக்கு என்றார். அதே சனி மாதா திருநாள். யாத்திரைக்குப் போக அண்ணைக்கும் லீவு வேண்டும். மேலாளர் அவரைக் கூப்பிட்டு அதே வாக்கைக் கொடுத்தார்.

பிறகென்ன, வெளிநாட்டு உதவி குவிந்தது. என் பக்கம் பொரித்த கோழி, அண்ணை பக்கம் கேக்கும் வைனும். மற்ற நால்வரும் இரண்டிரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கத்திலும் சாப்பிட்டார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நானும் அண்ணையும் கதைப்பதை நிறுத்தினோம். எங்கள் குட்டி ஃபிரிட்ஜின் நடுவே நான் ஒட்டுநாடாவால் ஒரு கோடு போட்டேன். அவருடைய மீன் டப்பா ஒரு விரல் தாண்டி வந்தாலும் தள்ளிவிடுவேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

தேர்தல் ஒரு சூப் கிண்ணத்தில் நடந்தது. துண்டுகளை எண்ணினால் மூன்றுக்கு மூன்று. நான் உண்மையில் அண்ணையின் பெயரைத்தான் எழுதியிருந்தேன். தன் பெயரைத் தானே எழுதுவது எங்கள் பக்கத்தில் மரியாதை கெட்ட வேலை. அவர் பக்கத்து ஒருவன் என் கோழிக்கு மயங்கி எனக்குப் போட்டிருப்பான், இவரோ கூச்சமில்லாமல் தனக்கே போட்டிருக்கிறார் என்று கறுவிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த கிழமை முதலாளி கிளாஸ் கழுவ ஒரு மெஷின் வாங்கிவிட்டார். சண்டை முடிந்தது. வல்லரசுகள் இரண்டும் தோட்டத்தில் தோளோடு தோள் உரச இருந்து வைன் குடித்தன. பொறுப்பாளர் பதவியும் இல்லை, தந்த வாக்கும் இல்லை. பழைய சுழற்சி அட்டவணையே திரும்பி வந்தது. அதன்படி அந்தச் சனிக்கிழமை அண்ணைக்கு விழுந்தது.

நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அழுகை வந்தது. சூரிச்சில் ஒரு சொல்லும் தெரியாமல் அவள் தனியே நிற்பாள்.

"எழும்படா," என்றார் அண்ணை. பன்னிரண்டு நாளில் அவர் என்னோடு கதைத்த முதல் கதை. "சனிக்கிழமை நீ போ. மாதா வருசா வருசம் வருவா. உன்ர மனிசி ஒருக்காத்தான் வந்திறங்குவா."

நான் எழும்பி உட்கார்ந்தேன். "வோட்டு உங்களுக்குத்தான் போட்டனான், அண்ணை" என்று உளறினேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் உனக்கு. அப்ப ரெண்டு விசரரும் சேர்ந்துதான் சமன் ஆக்கியிருக்கிறம்."

சனிக்கிழமை மனைவியோடு அறைக்குள் நுழைந்தபோது அண்ணை இன்னும் வேலையில். பசிக்கிறது என்று அவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கோட்டுக்கு என் பக்கத்தில், நான் வைக்காத ஒரு சட்டி. நிறைய மீன் குழம்பு. அவர் பக்கம் வெறுமை.

"இதென்ன கோடு?" என்றாள்.

ஈரக்கையைத் துடைத்தபடி அண்ணை வாசலில் வந்து நின்றார்.

"அது ரெண்டு பெரிய ராச்சியத்தின்ர எல்லை, பிள்ளை. நாங்கள் சும்மா காவல் நிண்டனாங்கள்."